முரளி சார் மாற்றிவிட்டுப் போன பாஸ்வேர்ட்

முரளி சார் போய்விட்டார். நேற்று காலை, மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார் என்று குரூப்பில் எல்லாரும் எழுதுகிறீர்கள். உண்மைதான். ஆனால் எனக்கு அவர்மேல் இருபது வருடக் கோபம் ஒன்று இருக்கிறது... அதை மறைத்துக்கொண்டு பூப்படம் போட மனம் வரவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஆரணியில் ஒரு ஜரிகைக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். நானும் அவரும் அங்கே சொல்லிக்கொடுத்தோம். ஒரே வயதுதான், ஆனாலும் மாணவர்கள் எதிரில் சார், மேடம் என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு பட்டு முதலாளிக்கு வெப்சைட் வேண்டுமாம். சென்டர் ஓனர் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காட்டி, "ஏதோ லினக்ஸாமே, அத போட்டு செய்ங்க" என்றார். வேலூரில் வாங்கிய பத்திரிகையோடு வந்த இலவச சிடி... அவ்வளவுதான் எங்கள் கையிருப்பு.

வெப்சைட்டை ஓட்டுகிற அப்பாச்சி புரோகிராமைப் போட்டால் அது இன்னொரு பேக்கேஜ் கேட்கும். அதைப் போட்டால் அது வேறொன்றைக் கேட்கும். "இன்னா மேடம் இது, மாப்ள வீடு மாதிரி கேட்டுகினே கீது" என்பார் முரளி சார்.

மூன்றாவது வாரம், பிஎச்பி என்கிற மொழியில் செய்த பக்கத்தைத் திறந்தால் பக்கம் வரவில்லை, நாங்கள் எழுதிய கோட் அப்படியே வந்து நின்றது. "செம பேஜாரு மேடம், விட்டுடலாம்" என்று கீபோர்டைத் தள்ளினார்.

நான் விடவில்லை. செட்டிங்ஸ் பைலை வரி வரியாகப் படித்தேன். பிஎச்பியை என்ன செய்ய வேண்டும் என்று அப்பாச்சிக்குச் சொல்கிற வரி அதில் இல்லவே இல்லை. சேர்த்தேன். ரீஸ்டார்ட். மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை திரையில் வந்தது.

படியிறங்கி ஓடி இரண்டு டீ வாங்கி வந்தார். "மேடம், நீங்க இல்லன்னா இது வந்தே இருக்காது." அவர் வாயால் சொன்னது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் 'உருவாக்கம்: கல்பனா, முரளி' என்று போட்டோம். என் பெயர் ஒரு வெப்சைட்டில் வந்தது அதுதான் முதல் முறை. அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே பாஸ்வேர்ட். முதல் பாதி நான் சொன்ன 'ஜரிகை', பின் பாதி அவர் சைக்கிள் பூட்டின் நம்பர். ஆளுக்கொரு கணக்கு வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எதற்கு, இரண்டு பேர்தானே...

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயந்திரம், "திங்கக்கெழம பாப்போம் மேடம்" என்று கையாட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை உட்கார்ந்து பாஸ்வேர்ட் அடித்தேன். தப்பு என்றது. மறுபடி அடித்தேன். மறுபடி தப்பு.

"முரளிக்கு சென்னைல வேலை கெடச்சி காலைலயே பஸ் ஏறிட்டாரே, உங்கிட்ட சொல்லலியா?" என்றார் ஓனர்.

முதலாளி வந்தார். காட்ட ஒன்றுமில்லை. "முரளிதாம்பா எல்லாம் செஞ்சாரு, இந்தம்மா டைப் மட்டும் அடிச்சாங்கன்னு அவரே சொன்னாரே" என்று ஓனரிடம் சொன்னார். முதலாளிமேல் தப்பில்லை, கேட்டதைச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு, இந்த வேலைக்காக நான் வாங்கியிருந்த தடி லினக்ஸ் புத்தகத்தைப் புரட்டி, பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே போகிற வழியைக் கண்டுபிடித்தேன். பக்கத்தைத் திறந்தேன். அடியில் 'உருவாக்கம்: முரளி'. கடைசியாக மாற்றியது சனிக்கிழமை சாயந்திரம் என்றது அந்த பைல்.

பூட்டியதைக்கூட மன்னித்திருப்பேன். என் பெயரை மட்டும் தேடி அழித்திருக்கிறார்.

பிறகு ஊருக்கே திரும்பி வந்தார். எங்கேயாவது பார்த்தால், "நல்லா கீறீங்களா மேடம்?" "நல்லா இருக்கேன் சார்." அவ்வளவுதான். ஒரு முறை கண்ணமங்கலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு. ஏன் சார் அப்படிச் செய்தீர்கள் என்று வாய் வரை வந்தது... அவர் வேர்க்கடலை வாங்கி நீட்டினார். வாங்கித் தின்றேன். கேட்கவில்லை.

நேற்று அவர் மனைவி போன் செய்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வேண்டிய போட்டோ லேப்டாப்பில் இருக்கிறதாம், பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாதாம். "ஏதாச்சும்னா கல்பனா மேடத்த கேளு, எனக்கு இதெல்லாம் கத்துக்குடுத்ததே அவங்கதான்னு சொல்வாருங்க."

வீட்டில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஓனரிடமும் முதலாளியிடமும் சொல்லவில்லை.

போனேன். லேப்டாப்பிலும் லினக்ஸ்தான். ஒரு சபலம்... ஜரிகையையும் பூட்டு நம்பரையும் சேர்த்து அடித்துப் பார்த்தேன். தப்பு என்றது.

அன்றைக்கு அவர் பூட்டிவிட்டுப் போனதால் கற்றுக்கொண்ட வழியிலேயே திறந்தேன். புது பாஸ்வேர்டை அவர் மனைவியையே அடிக்கச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போட்டோவை மட்டும் எடுத்தோம். வேறு எதையும் பார்க்கவில்லை.

அவர் மச்சான் போஸ்டருக்குப் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தார். "கீழ உங்க பேரும் போடலாங்களா மேடம்?"

"போடுங்க" என்றேன். பிரிண்டுக்குப் போகும் முன் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

போய் வாங்க முரளி சார். கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.