காற்று அடங்கும் நேரத்துக் கரை

வல்லூரை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. திரும்பிப் பார்த்தால் புகைபோக்கிகள் புறப்பட்டபோது இருந்த அதே உயரத்தில்தான் தெரிந்தன. கண்டெய்னர் லாரிகள் நின்று நின்று நகர்ந்தன. சாலையோரச் செடிகளில் சாம்பல் படிந்திருந்தது. என் மேலும் படிந்திருக்க வேண்டும்.

பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, போன். நான்கு நாள் ஒரு சர்வே குழுவோடு இருந்தேன். கழிமுகத்தைச் சுற்றி ட்ரோன் பறக்கவிட்டு, லேசர் கதிரால் நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கிறவர்கள். முக்காலி ஸ்டாண்டும் பேட்டரிப் பெட்டியும் தூக்குவது என் வேலை. பெட்டியின் வார் தோளை அறுத்துவிட்டது. நாளை காலையும் பறக்க வேண்டும், இரு என்றார்கள். முடியாது என்று கிளம்பிவிட்டேன். ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கேயும் பெட்டிதான் தூக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் நிழல் உண்டு.

பகல் பன்னிரண்டுக்கு எண்ணூர் முகத்துவாரம் வந்து சேர்ந்தேன். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு இட்லிக் கடை. நான்கு இட்லி, மீன் குழம்போடு நாற்பது ரூபாய். கடைக்காரம்மா பெயர் செல்வி.

"எங்கேர்ந்து நைனா வர? மூஞ்செல்லாம் சாம்பலா கீது?"

"வல்லூர்லேர்ந்துக்கா. ட்ரோன் சர்வேல இருந்தேன்."

கரண்டி நின்றது. "தேனீ மாரி கத்திகினு போவுமே, அதுவா? அத்த வுட்டு இன்னாத்த பாக்குறானுங்கோ?"

போனை எடுத்துக் காட்டினேன். ட்ரோன் ஓட்டும் பைலட் ஒரு லிங்கை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பாஸ்வேர்டு கிடையாது, லிங்க் இருந்தால் யாரும் திறக்கலாம். திறந்தால் கோடிக்கணக்கான புள்ளிகளால் ஆன நிலம் வரும். விரலால் இழுத்தால் திரும்பும். பள்ளம் நீலம், மேடு சிவப்பு. தண்ணீர் இருக்கும் இடம் மட்டும் வெறும் கறுப்பு. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த செல்வியின் அண்ணன் தேசப்பனும் வந்து குனிந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு படகு உண்டு.

செல்வி தன் தார்ப்பாயைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். கோயில் கிடைத்தது, தண்ணீர்த் தொட்டி கிடைத்தது. அதற்கப்பால் கரை வழவழவென்று நீலமாகக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு சிறு கொடி. தொட்டால் இங்கிலீஷில் ஒரு குறிப்பு வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன்: காலி நிலம், கட்டுமானச் சாமான் இறக்கிவைக்கலாம்.

தேசப்பன் நிமிர்ந்து வெளியே பார்த்தார். அந்தக் கரையில் இருபதுக்கு மேல் படகுகள் நின்றன. வலைகள் காய்ந்தன. மறுபடி போனைப் பார்த்தார்.

"அத்தினி போட்டையும் முழுங்கிட்டு கம்முனு கீதே! எப்ப எடுத்தீங்கோ?"

"முந்தாநாள் காலைல ஆறு மணிக்குண்ணே. காத்து அடங்கியிருக்கும்போதுதான் பறக்கவிடுவாங்க."

"காத்து அடங்கசொல்லோதான் நாங்களும் கடலுக்குப் போறோம். நாங்க இல்லாத நேரமா பாத்து வந்துட்டு காலின்னு எழுதுவீங்களா?"

"நான் பெட்டி தூக்கினவன்ண்ணே."

"சரி, இது தப்புன்னு அதுலயே எழுது."

"நம்மால எழுத முடியாது. பாக்கறதுக்கு மட்டும்தான் விட்டிருக்காங்க."

"நல்லா கீதே நாயம்," என்றாள் செல்வி. "எவன் வேணா என் கூரைய எட்டிப் பாப்பான், நான் வாயத் தொறக்கக் கூடாதா?"

போன் படத்தில் கரையோரமாக ஒரு கறுப்புக் கிழிசல் இருந்தது. அது தண்ணீரா என்று தேசப்பன் கேட்டார். இல்லை, அன்றைக்குத் திடீரென்று காற்று கிளம்பி ட்ரோன் பறந்த ஒரு சுற்று கெட்டுவிட்டது, அதை ஒட்டத்தான் நாளை ஆறு மணிக்கு இந்தக் கரை முழுக்க மறுபடி பறக்கப்போகிறார்கள் என்றேன். வாயில் இட்லியோடு சொன்னேன். தேசப்பன் வலையை அப்படியே போட்டுவிட்டு மற்றப் படகுக்காரர்களைக் கூப்பிடப் போனார்.

மாலையில் படகுக்காரர்கள் கூடினார்கள். ராயபுரம் பஸ் ஒன்று போனது, நான் ஏறவில்லை. கால் வலித்தது, காரணம் அவ்வளவுதான். மூன்று நாளாகக் காணாங்கெளுத்தி மீன் வலையில் நன்றாகப் படுகிறதாம்.

"ஒரு படத்துக்கோசரம் தொழிலுக்குப் போவாம குந்திகினு இருக்கணுமா? இன்னா, சினிமாவா?" என்றான் ஒருவன்.

"நாளைக்கு ஒரு நாள் கரையில நில்லுடா," என்றார் தேசப்பன். "இல்லாங்காட்டி அப்பால போட்டை உன் மாமியார் வூட்டு வாசல்லதான் கட்டணும்."

சிரித்தார்கள். ஆனாலும் வாக்குவாதம் இருட்டும்வரை ஓயவில்லை. படம் மாறினாலும் கொடியை எடுப்பார்களா என்பது எனக்குத் தெரியாது என்றேன். எங்களுக்கும் தெரியாது என்றார் தேசப்பன். என் சொந்த ஊர்ப்பக்கம் ஒரு மனையை வளைக்க வேண்டுமானால் முள்வேலியாவது போட வேண்டும். இங்கே விரலால் ஒரு கொடி குத்தினால் போதும்.

"நைனா, அந்த மெஷினு கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது? உனக்குத் தெரியுமில்ல," என்றார் தேசப்பன். "ராயபுரம் எங்கயும் ஓடிப் போவாது. காலைல எங்களோட வேலைக்கு நில்லு."

தரையில் விரித்த வலை மணலோடு மணலாகத்தான் தெரியும், கம்பு நட்டுத் தூக்கிக் கட்ட வேண்டும் என்றேன். அன்றிரவு அவர் படகில் போர்வையை விரித்துப் படுத்தேன்.

விடியும்போது கடல் தட்டுப் போலக் கிடந்தது. போயிருந்தால் நல்ல மீன்பாடு கிடைத்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் கடல் பக்கம் திரும்பவில்லை. படகுகளை வரிசையாக ஏற்றி நிறுத்தினோம். சவுக்குக் கம்புகளில் வலைகளைத் தூக்கிக் கட்டினோம். கடைசி வலைக்குக் கம்பு நட மணல் பிடிக்கவில்லை. அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலையானது.

சாலையில் சர்வே வேன் வந்து நின்றது. என் பெட்டியை வேறொருவன் தோளில் மாட்டியிருந்தான். பைலட் கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ட்ரோனைக் கிளப்பினார்.

சத்தம் தலைக்கு மேல் வந்தது. லேசாகக் காற்று எழுந்து வலை உப்பிக் கம்பை இழுத்தது.

"ஆடாத நைனா," என்றார் தேசப்பன், உதடு அசையாமல்.

எந்த ஊரிலும் நான் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றேன்.