லோரிக்கு எந்தப் பெட்டி

கிள்ளானில் சைக்கிள் கடை வைத்திருந்த என் சீன நண்பரின் மேசைமேல் இரண்டு வானொலிப் பெட்டிகள் இருந்தன. இரண்டுமே செய்தி அனுப்பும், வரும் செய்தியைக் கேட்கவும் செய்யும். அவற்றில் ஒன்றை என் தங்கை புருஷனின் லோரியில் மாட்டியாக வேண்டும், அதுவும் மழைக்காலம் தொடங்குவதற்குள். அந்த மழையில்தான் என் தங்கைக்கு இரண்டாவது பேறுகாலம். முதல் பிள்ளையை இதேபோல ஒரு மழையில்தான் பறிகொடுத்திருந்தோம்.

காப்பார் பக்கம், கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோட்டத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் தோட்டம் வரைக்கும் களிமண்தான். டெலிபோன் துரையின் பங்களாவில் ஒன்றே ஒன்று, பெரிய மழை வந்தால் முதலில் அறுந்து விழுவதும் அதன் கம்பிதான். முதல் பிரசவத்தின்போது வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர்கள் பாதி வழியில் சேற்றில் புதைந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் அங்கே நிற்பது ஒருவருக்கும் தெரியாது. முன்னதாகத் தகவல் வந்திருந்தால் ஆள் அனுப்பியிருப்போம், பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சில விஷயங்களைத் தெரிந்தாலும் சொல்லாமல் இருக்கலாம், அந்த மனுஷனுக்கு அது தோன்றவில்லை. அதன் பிறகு மாப்பிள்ளை என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"மச்சான், உங்க கம்பியில்லாத் தந்தி லோரில ஏறுமா, ஏறாதா?"

நான் அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தேன், தந்தி ஆபீசில் வேலை. பகலெல்லாம் சர்க்காருக்குத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தால் எனக்காகத் தட்டுவேன். பொழுதுபோக்கு வானொலிக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன், சைக்கிள் கடைக்காரரும் ஒருவர். அவரைக் கிள்ளானில் எல்லோரும் தௌக்கே, அதாவது முதலாளி, என்றே அழைப்பார்கள், நானும் அப்படித்தான். மாதக்கணக்கில் காற்றிலேயே பேசிப் பழகிவிட்டு, பிறகுதான் நேரில் முகம் பார்த்தோம். அவருடைய ஏரியல் மாடிக்கூரைக்கு மேல் மூங்கில் கட்டி உயர்ந்து நிற்கும். காப்பார் வரைக்கும் குறுக்கே மலை கிடையாது. அதனால் லோரி எங்கே மாட்டிக்கொண்டாலும் கிள்ளானில் கேட்கும் என்று நம்பினோம்.

இனி எந்தப் பெட்டி என்பதுதான் கேள்வி. கனமானது மோர்ஸ் பெட்டி. தட்டினால் கடல் தாண்டிப் போகும், மழை இடி எதுவும் அதை அசைக்காது. மற்றது சின்னது, மைக்கில் வாயால் பேசலாம், ஆனால் பக்கத்து ஊருக்கு மேல் எட்டாது. நான் மோர்ஸ் பெட்டியின் பக்கம். குரல் என்பது காற்றில் கரைந்து போவது, புள்ளியும் கோடும் கரையாது என்று அன்று ஒரு பிரசங்கமே செய்தேன். அதைப் பிரசங்கம் என்று சொன்னது என் தங்கை. கடையிலேயே ஒரு ஸ்டூலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, லோரில நானும் அவரும்தான் இருப்போம். அவரு ஸ்டேரிங்கைப் பிடிச்சிருப்பாரு. எனக்கு வலி வந்தா நான் என்ன, புள்ளி கோடு புள்ளி கோடுன்னா கத்துவேன்?"

தௌக்கே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. லைசென்ஸ் இல்லாதவர்கள் மைக்கைத் தொடக்கூடாது, சர்க்கார் பெட்டியைப் பறித்துக்கொண்டு போய்விடும் என்று சட்டத்தைக் காட்டினேன்.

"சர்க்கார் வந்து பிரசவம் பாக்குமா?" என்றாள்.

அத்தோடு பேச்சு முடிந்தது. பேசும் பெட்டி லோரியில் ஏறியது.

அந்த லோரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய அமெரிக்க வண்டி. மாப்பிள்ளை அதன் பின்சக்கரங்களில் சங்கிலி சுற்றி வைத்திருப்பார். தார்ச்சாலையில் ஓடினால் ஊரையே எழுப்பும், சேற்றில் இறங்கினால் மட்டும் சாதுவாகப் போகும். பெட்டியை டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் இறுக்கினோம், மின்சாரத்துக்கு லோரியின் பேட்டரியிலிருந்தே வயர் இழுத்தோம். கடை வாசலில் நிறுத்தி வைத்துப் பேசிப் பார்த்தபோது அருமையாகக் கேட்டது. தௌக்கே மாடியிலிருந்து தும்மினால்கூடத் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல்.

வண்டியைக் கிளப்பியதும் குடி முழுகியது. இன்ஜினின் ஒவ்வொரு ஸ்பார்க்கும் ஹெட்போனுக்குள் வந்து வெடித்தது. சூடான எண்ணெயில் கடுகைக் கொட்டியதுபோல் ஒரே பொரிச்சல். லோரியிலிருந்து பேசுவது கிள்ளானுக்குத் தெளிவாகப் போனது, கிள்ளான் பேசுவது லோரிக்கு ஒரு சொல்கூட வரவில்லை. ஸ்பார்க்கை அடக்கக் கம்பி சுற்றிப் பார்த்தேன். பொரிச்சல் குறைந்தது, கூடவே இன்ஜினின் பலமும் குறைந்தது. சேற்றில் இறங்கியதும் வண்டி திணறியது. மாப்பிள்ளை இறங்கி, நான் சுற்றியதையெல்லாம் பிய்த்துப் போட்டார்.

"மச்சான், எனக்கு லோரி ஓடணும். முதல்ல அது, அப்புறம்தான் உங்க பெட்டி."

ஆக, ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஓடும்போது அவர்கள் பேசலாம், நான் கேட்பேன். நான் பேசுவதை அவர்கள் கேட்க வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்த வேண்டும். வறண்ட இடத்தில் அது ஒரு கஷ்டமும் இல்லை. தண்ணீருக்குள் நின்றால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"தண்ணில நிறுத்தினா புகைக்குழாய் வழியா தண்ணி ஏறிடும் மச்சான். நின்னா நின்னதுதான்."

வேறு பெட்டி தேட நேரம் இல்லை, மழை தொடங்கிவிட்டது.

நாள் நெருங்கியதும் லீவு போட்டுவிட்டுக் கிள்ளானுக்கு வந்து தௌக்கே கடை மாடியில் உட்கார்ந்துகொண்டேன். அன்று காலையிலிருந்து மழை விடவே இல்லை. கடலில் பெரிய ஏற்றம் வேறு. மதியச் சாப்பாட்டுக்குத் தௌக்கே கொண்டுவந்த மீ நூடுல்ஸ் தட்டில் ஆறிக் கிடந்தது. அப்போது குரல் வந்தது.

"அண்ணே, கேக்குதா? வலி கண்டுருச்சு. கிளம்பிட்டோம். கேக்குதாண்ணே?"

மைக்கைப் பிடித்து, கேட்கிறது, கேட்கிறது என்று கத்தினேன். அவள் குரலுக்குப் பின்னால் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. நான் கத்துவது அவளுக்குப் போகாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கத்தினேன். தௌக்கே கீழே ஓடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"கடலோரக் கட்டு உடைஞ்சிருச்சு. கடல் தண்ணி உள்ள வந்துருச்சு அண்ணே. ரோடு தெரியலே. தென்னை மரத்தைப் பாத்துப் பாத்து ஓட்றாரு. சக்கரம் பாதி முங்கிருச்சு. நிறுத்தாம போறோம். பலகைப் பாலம் தாண்டிட்டா தார் ரோடுதான்."

நடுவில் அவள் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை போலிருக்கிறது. அந்த முனகல் முழுவதையும் நான் கேட்டேன். மோர்ஸ் பெட்டியாக இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அப்படியொரு கோழைத்தனம் எனக்குள் இருந்தது.

தௌக்கே மூச்சிரைக்க மாடி ஏறினார். முகம் வெளுத்திருந்தது.

"பாலம் சுடா ஹாபிஸ் லா, முடிஞ்சுபோச்சு! அடிச்சிட்டுப் போச்சு. போலீஸ் சொல்றான். ஆஸ்பத்திரி வண்டி கட்டுப் பாதை முனையில நிக்கும். அந்தப் பக்கம் வரச் சொல்லு."

தோட்டத்துக்குள்ளேயே வடக்கே ஒரு மண்கட்டு போகிறது. தேங்காய் ஏற்றும் மாட்டுவண்டிகளுக்குப் போட்ட கட்டுப் பாதை அது. தோட்டத்துச் சாலையிலிருந்து பிரியும், அதில் சுற்றிக்கொண்டு போனால் பாலத்துக்கு அப்பால் தார்ச்சாலையில் ஏறலாம். அந்த லோரியால் போக முடியும். ஆனால் அந்தப் பிரிவு பாலத்துக்கு முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால், மூழ்கிக் கிடக்கும் சாலையில் நேராகப் போய், பலகைகள் இல்லாத இடத்தில் இறங்கிவிடுவார்கள். பாலம் இல்லை என்பது தண்ணீருக்கு மேல் தெரியாது.

"பாலத்துக்குப் போகாதே! பாலம் இல்லே!"

எத்தனை தடவை சொன்னேனோ. தொண்டை கட்டிக்கொண்டது. பதிலுக்கு அவள் குரல் வந்தது, நான் சொன்னதற்குச் சம்பந்தமே இல்லாமல்.

"ஸ்டோர் கொட்டகையைத் தாண்டறோம் அண்ணே."

ஸ்டோர் கொட்டகையைத் தாண்டினால் அடுத்தது அந்தப் பிரிவுதான். தௌக்கே என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கையாலாகாத நிலையில் நான் இருந்ததில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் எல்லாம் கேட்கிறது, அவளை ஒரு சொல்லால் தொட முடியவில்லை. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பெட்டியைத் திட்டினேன், அதை லோரியில் ஏற்றிய எங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டினேன்.

திடீரென்று இன்ஜின் சத்தம் நின்றது.

மாப்பிள்ளை ஏதோ அலறுவது தூரத்தில் கேட்டது. பிறகு பொத்தானிலிருந்து விரல் எடுக்கப்பட்ட 'டக்' ஓசை. அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். இன்ஜின் தானாக நின்றதா, நிறுத்தினார்களா, எனக்குத் தெரியாது. மைக்கை வாயோடு அழுத்திக்கொண்டேன்.

"பாலம் இல்லே. கட்டுப் பாதையில திரும்பு. முனையில ஆஸ்பத்திரி வண்டி நிக்குது. பாலம் இல்லே. கட்டுப் பாதை."

பிரசங்கம் செய்தே பழகியவன் அன்று அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. பொத்தானை விட்டேன்.

"கேட்டுச்சு அண்ணே. பாலம் இல்லே, கட்டுப் பாதை. கேட்டுச்சு."

அவள் குரலுக்குப் பின்னால் இரும்பு உராயும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை தண்ணீரில் இறங்கி, இன்ஜினைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றிக்கொண்டிருந்தார். இன்ஜின் ஒரு தடவை இருமியது, அடங்கியது. மறுபடி சுற்றினார். மறுபடி இருமல். தங்கை பேசிக்கொண்டே இருந்தாள், பயம் அவளைப் பேச வைத்தது. ஆனால் அவள் குரல் வரவர மங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி குடிப்பது லோரியின் பேட்டரியை, ஸ்பார்க்குக்கும் அதே பேட்டரிதான். அவள் பேசப் பேச வண்டி கிளம்புவதற்கான மிச்ச வாய்ப்பும் கரைகிறது.

பிரசவ வலியில், கடல் தண்ணீருக்கு நடுவில், மேல்கூரையில் மழை கொட்ட உட்கார்ந்திருக்கும் தங்கையிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது இதைத்தான்.

"பேசாதேம்மா. பெட்டியை அணை. பேட்டரி வண்டிக்கு வேணும்."

பொத்தானை விட்டேன்.

"சரிண்ணே," என்றாள். அணைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மாடியில் இருப்பதில் அர்த்தம் இல்லை. கடையில் விற்பனைக்கு நின்ற சைக்கிள்களில் ஒன்றைத் தௌக்கே உருவிக் கொடுத்தார். காப்பார் சாலையில் மழையை எதிர்த்து மிதித்தேன். கட்டுப் பாதை தார்ச்சாலையில் ஏறும் முனையில் ஆஸ்பத்திரி வண்டி நின்றிருந்தது, அதன் கதவருகே குடைபிடித்தபடி ஒரு நர்ஸ். பாதையில் பார்வை எட்டும் வரைக்கும் தண்ணீரும் தென்னையும்தான். எதுவும் வரவில்லை. முதல் பிள்ளையைக் கையில் வாங்கிப் புதைத்தவன் நான். அந்தக் கனம் மறுபடி கைக்கு வந்தது.

சங்கிலிச் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகுதான் லோரி தெரிந்தது. கழுத்து வரைக்கும் சேறாக, ஒரு பக்கம் சாய்ந்து, தள்ளாடித் தள்ளாடிக் கட்டின்மேல் வந்தது. நான் அழுதுகொண்டே ஓடினேன், வழுக்கி விழுந்தேன், எழுந்து மறுபடி ஓடினேன்.

தங்கையைத் தூக்கி வண்டி மாற்றும்போது மாப்பிள்ளை என்மேல் பாய்ந்தார். பயத்தில் வந்த கோபம்.

"உங்க தங்கச்சி என்ன செஞ்சா தெரியுமா மச்சான்? நடுத்தண்ணில கையை நீட்டி சுவிட்சை அணைச்சுட்டா! ஓடிட்டிருந்த இன்ஜினை! என்னை ஒரு வார்த்தை கேக்கலே. கிளம்பாம போயிருந்தா?"

நான் அவளைப் பார்த்தேன். உதடெல்லாம் கடிபட்டு ரத்தம் கட்டியிருந்தது.

"ஏம்மா நிறுத்தினே? பாலம் போனது உனக்குத் தெரியாதே."

"தெரியாதுண்ணே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேன். நீங்க அங்க இருக்கீங்கன்னு தெரியும். என்ன சொல்றீங்கன்னுதான் தெரியலே. அது என்னால தாங்க முடியலே."

நர்ஸ் கதவைச் சாத்தினாள். வண்டி கிள்ளானை நோக்கிப் போனது. பொழுது சாயும் முன்பே பெண் குழந்தை பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் நலம் என்று அதே டாக்டர்தான் வெளியே வந்து சொன்னார். மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தேன். யார் யாரோ வந்து என்னிடம் பேசினார்கள், ஒன்றும் காதில் விழவில்லை. அவளுடைய கடைசி "சரிண்ணே" மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.