முப்பத்தோராம் பிரிவுக்கு ஐம்பது விநாடி

பெப்ரவரி, வியாழக்கிழமை, காலை 8.40. நாங்கள் குடியேறியிருக்கும் யூனியன்வில்லில் இருந்து புறப்பட்டோம். கார் ஓட்டியவள் என் மச்சாள் ரதி. வார்டன் வீதியில் நேர் தெற்கே, கூட்டம் நடக்கும் வெக்ஸ்போர்ட் வரை ஏறக்குறையப் பதினைந்து கிலோமீற்றர். இருபுறமும் பழைய பனி கறுத்துக் கிடந்தது.

போன காரியம் இது. ஆட்சி மாறிய இலங்கையோடு ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு ஓர் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்யப்போகிறது. வரைவு எண்பத்திரண்டு பக்கம். மீன், ஆடை, துறைமுகம் எல்லாம் முடிந்து முப்பத்தோராம் பிரிவில் ஒரு வரி வருகிறது: காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குத் தகவல் தர 'இயன்ற முயற்சி' எடுக்கப்படும். ரதியின் தம்பி யோகனும் அப்படிப் போனவன்தான். அந்த இரு சொற்களை நீக்கி, 'ஆறு மாதத்துக்குள் எழுத்தில் பதில்' என்று மாற்றக் கேட்கவே அவள் லீவு எடுத்திருந்தாள். கருத்துக் கூற இன்றே கடைசி நாள். இத்தனை நாடுகள் எழுதும் ஒப்பந்தத்தில் ஒரு பெண் இரண்டு சொற்களை வெட்டச் சொல்லலாம் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

9.15. மண்டபம் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில். தேநீர் ஒரு டொலர் ஐம்பது சதம். வந்திருந்தவர்கள் நாற்பது பேர். பத்தரைக்குக் கூட்டமைப்பின் அதிகாரி ஒருவர் பிரசல்ஸிலிருந்து திரையில் வருவார். இருவர் பேச, எல்லாம் அடங்க மொத்தம் ஆறு நிமிடம்.

10.30. சொன்ன விநாடியில் அதிகாரி திரையில் வந்தார், ஓர் அம்மையார். அங்கே மாலை நான்கரை, முகத்தில் களைப்பு. எங்கள் ஆட்கள் முறை தவறாதவர்கள். கூட்டத் தலைவர் இறந்தோருக்கான அகவணக்கத்துக்கு எல்லோரையும் எழுப்பினார். திரையில் இருந்தவரும் விளங்காமலே எழுந்து நின்றார். ஒரு நிமிடம் போயிற்று. வரவேற்புரையில் இன்னொன்று. முதலில் பேச வந்த கனகு அண்ணை, வந்திருந்த சங்கங்களைப் பெயர் சொல்லி விளிக்கத் தொடங்கினார்.

"அண்ணை வணக்கம் சொல்லி முடியிறதுக்குள்ள அவை கையெழுத்தே வைச்சிடுவினம்" என்று ரதி என் காதில் சொன்னாள். பேச எழுதி வந்த தாளில் முதல் வரிகளைப் பேனாவால் அடித்தாள்.

கனகு அண்ணை அமர்ந்தபோது மீதம் ஐம்பது விநாடி.

ரதி தாளை மடித்துவிட்டு எழுந்தாள். வணக்கம் சொல்லவில்லை, தலைவரை விளிக்கவில்லை. தம்பியின் முழுப்பெயர், காணாமற்போன நாள், இடம், பிரிவின் இலக்கம், நீக்க வேண்டிய சொற்கள், சேர்க்க வேண்டிய சொற்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி அமர்ந்தாள். என் கடிகாரத்தில் முப்பத்தெட்டு விநாடி.

அதிகாரி குனிந்து எழுதினார். பிறகு நிமிர்ந்து, எழுதியது முழுவதையும் திருப்பி வாசித்தார். 'யோகேந்திரன்' என்ற பெயரை மெதுவாக, ஓர் ஒலியும் சிதறாமல் சொல்லி, சரிதானா என்று கேட்டார். ரதி தலையாட்டினாள். இது பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும், ஏற்கப்படுமா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார் அதிகாரி. திரை அணைந்தது. அணைந்த திரைக்குத் தலைவர் நன்றியுரை வாசித்தார்.

11.20. காரில் ஏறியும் ரதி சாவியைத் திருப்பவில்லை.

"அத்தான், அந்த மனுசி அவன்ரை பேரைப் பிழையில்லாமல் சொன்னவ."

"ஓம்" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகள் காணாமற்போனோரைத் தேடித் தரும் மனுக்களை வாங்கும் மேசையில் இருந்திருக்கிறேன். திகதி முத்திரை குத்துவதிலோ தாள்களைக் கோவையில் சேர்ப்பதிலோ ஒரு பிழை விட்டதில்லை. கொண்டுவந்தவரிடம் ஒரு பெயரையேனும் வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டதும் இல்லை.