மூன்று பந்திக் கணக்கு

வடக்கனந்தல் செந்தமிழ்ச்செல்வியைத் தெரிந்துவைத்துக்கொள்ள யாருக்கும் அவசியம் இருந்ததில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் நிரப்பித் தருகிற வேலை. அப்பா இல்லை. அம்மா கொளஞ்சியம்மாள் நடவு வேலை இல்லாத நாட்களில் கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் தேய்க்கப் போவாள். ஆனால் இரண்டாயிரத்து இருபத்தொன்றில் இந்தப் பெண் செய்த காரியத்தை இங்கே எந்தப் பெரிய மனுஷனும் செய்யவில்லை.

உள் ஒதுக்கீடு வேண்டும், கூடாது என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்த வருஷம் அது. எந்தக் கல்லூரிக்கு எப்போது மனுப் போடணும் என்று ஒரு பிள்ளை கேட்டால்கூட, நீ என்ன ஆளுங்க என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். வாட்ஸப் குழுவெல்லாம் சாதிக்கு ஒன்று. செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கினாள். சாதியைக் கேட்கிற கட்டமே அதில் கிடையாது.

மன்றத்தை வைக்க ஒரு சர்வர் வேண்டும். அதை வாடகைக்கு விடுகிற கம்பெனியிலிருந்து போனில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள்? செல்வி மண்டபத்துக் கணக்கைப் போட்டாள். முந்நூறு பேருக்குச் சாப்பாடு என்றால் முந்நூறு இலையா விரிக்கிறார்கள்? நூறு நூறாக மூன்று பந்தி. அடுத்த பந்திக்காரன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, உட்கார்ந்திருப்பவன் மோருக்கு வந்துவிட்டானா என்று பார்த்துக்கொண்டிருப்பான். அம்மாவோடு போய்ச் சின்ன வயசிலிருந்து அவள் பார்த்தது அதைத்தான். அறுநூறு பிள்ளைகள் சேர்ந்தாலும் இருநூறு பேருக்கு இடம் போதும் என்று முடிவு கட்டி, இருப்பதிலேயே சின்னதாக, ஒரு ஜிபி ராம் உள்ள சர்வரை எடுத்தாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அளந்துதான் போட்டாள் பாவி.

ஆறு மாதத்தில் இரண்டாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். சர்வருக்கு மூச்சு வாங்கியது. மணலூர்பேட்டை ஆதிமூலம், ஏழெட்டு ஏக்கர் கரும்புக்காரர், பெரிய சர்வர் தான் எடுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். மன்றத்துக்குத் தங்கள் சாதிச் சங்கத்தின் பெயரை வைக்க வேண்டும், மற்ற பிள்ளைகளை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதானாம்! செல்வி மரியாதையாக முடியாது என்றாள். அப்புறம் பாரத்தைக் குறைக்கத் தானே ஒரு வழி கண்டுபிடித்து, மன்றத்தின் தலைப்பில் எழுதிவைத்தாள். அநாவசியமாக எழுதாதீர்கள், தப்பு இருந்தால் மட்டும் பதில் சொல்வேன், பதில் வராவிட்டால் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜினீயரிங் கலந்தாய்வு வந்தது. பிள்ளைகளுக்குத் தற்காலிகமாக இடம் ஒதுக்கி, இரண்டு நாளைக்குள், அதுவும் மாலை ஐந்து மணிக்குள், உறுதி செய்யச் சொல்லியிருந்தார்கள். செய்யாவிட்டால் இடம் போய்விடும். இரண்டாவது நாள் காலை, உள் ஒதுக்கீட்டையே நிறுத்திவிட்டார்கள் என்று எவனோ ஒரு புரளியைக் கிளப்பிவிட்டான். இரண்டாயிரம் பேரும் ஒருவரை ஒருவர் திட்டுவதற்காக ஒன்றாக வந்து விழுந்தார்கள். பந்தியில் இடமில்லை என்றால் மனுஷன் நிற்பான். இணையத்தில் எவன் நிற்கிறான்? பக்கம் திறக்கவில்லையென்றால் மறுபடி அமுக்குகிறான், மறுபடியும் அமுக்குகிறான். சர்வருக்கு ஒவ்வொரு அமுக்கலும் ஒரு புது ஆள். பத்து மணிக்கு மன்றம் படுத்துவிட்டது. கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டி, பெரிய சர்வருக்கு மாற்றி எழுப்பும்போது மாலை ஆறு. சண்டையாவது நின்றதே என்றுகூட நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு தகரப் பெட்டியோடு இருவர் சென்டருக்குள் வந்தார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஊர். சின்னக்கண்ணு, அவர் மகள் எழில்மதி. மன்றத்தில் அந்தப் பெண்ணை மனுப் போட்ட நாளிலிருந்து செல்விக்குத் தெரியும், முகம் பார்ப்பது இப்போதுதான். சேலத்தில் நல்ல கல்லூரி கிடைத்திருக்கிறதாம். சேர்க்கைக் கடிதத்தை இங்கே பிரிண்ட் எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறப்போகிறார்களாம். உறுதி செய்தாயா என்று செல்வி கேட்டாள். எழில்மதி விழித்தாள். முந்தாநாள் சிக்னல் இல்லையாம். நேற்றுக் காலை பாறைமேல் ஏறி நின்று, இடம் வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய வேண்டாம்தானே என்று மன்றத்தில் கேட்டாளாம். அமுக்கியதும் பக்கம் வெள்ளையாகப் போனதாம், கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தாளாம்.

"சாயந்தரம் வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன்க்கா. நீங்க பதில் போடல. அதான் சரின்னு வுட்டுட்டேன்."

செல்வி அவளுடைய கலந்தாய்வுக் கணக்கைத் திறந்து பார்த்தாள். இடம் ரத்தாகியிருந்தது. உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஒன்றும் செய்வதற்கில்லை, அடுத்த வருஷம் பார்க்கச் சொன்னார்கள். செல்வி போனை வைத்தாள். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. பதிலைக் கொஞ்சமாகப் போடு என்று யாரும் அவளைக் கேட்கவில்லையே! சின்ன சர்வர் எடுத்துவிட்டு, அதற்காகப் பிள்ளைகளின் வாயை அடைத்தவள் அவள்தானே! எல்லாவற்றையும் சின்னக்கண்ணுவிடம் ஒளிக்காமல் சொன்னாள். சர்வர், ராம் எல்லாம் அவருக்கு எங்கே புரியும்? இடம் போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை.

"பொண்ணு பேரு வந்துச்சு இல்லம்மா? அது நெசந்தானே?" என்றார்.

நிஜம்தான் என்றாள் செல்வி.

"அந்தப் பேப்பர ஒண்ணு எடுத்துக் குடும்மா. எங்க ஊர்ல இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல. வூட்டுல காட்டணும்."

தற்காலிக ஒதுக்கீட்டுத் தாளைக் கலரில் எடுத்துக் கொடுத்தாள். அவர் பெட்டியைத் திறந்து, மகளின் புதுத் துணிகளுக்கு மேல் அதை மடங்காமல் வைத்து மூடினார். வெள்ளிமலை பஸ் எத்தனை மணிக்கு என்று செல்வியிடமே கேட்டார்.