இரண்டு பக்கெட் பச்சைத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் பெங்களூர் பீன்யாவில் டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் இஞ்சினியராக இருந்தவர். வருஷம் தொண்ணூற்று மூன்றோ நான்கோ இருக்கும், அதை விட்டுவிட்டு, வெயிலில் தண்ணீர் காய வைக்கிற சோலார் கம்பெனிக்குப் போனார். "இனிமே வெயில்தான் கரண்டு" என்றார். பெங்களூர் வெயிலை நம்பி வேலையை விட்ட மனுஷர் இவர் ஒருத்தர்தான் என்று பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று முறையிட்டேன்.

அவர் அங்கே சேர்ந்த மாதமே தொம்மலூரில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு தொட்டியும் கண்ணாடித் தகடும் வந்து உட்கார்ந்தன. குளியலறையோ கீழே, வீட்டின் பின்கோடியில். குழாய் சுவரெல்லாம் சுற்றிக்கொண்டு வரும். அதில் நிற்கிற தண்ணீர் விடிவதற்குள் ஆறிவிடும். காலையில் திறந்தால் முதலில் இரண்டு பக்கெட் பச்சைத் தண்ணீர். அப்புறம்தான் சூடு. தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற காலம். கொட்ட மனசு வருமா? பாத்திரம் தேய்க்கத் தூக்கித் தூக்கி வைத்தே என் இடுப்பு போனது. மார்கழியில் சீக்கிரம் குளித்து விளக்கேற்ற வேண்டும் என்று ஸ்டவ்வில் அண்டாவை வைத்துவிடுவேன்.

"என்னக்கா, சோலார் இஞ்சினியர் வீட்டுல கெரசின் வாசனை அடிக்குது?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஏங்க, அந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்."

"ஞாயித்துக்கிழமை பாக்கறேன்."

எல்லா ஞாயிறும் யார் வீட்டு மாடியிலோ இருப்பார்.

ஒரு நாள் அபார்ட்மெண்ட் கட்டுகிற ஒரு பெரிய மனிதரை வீட்டுக்கே அழைத்து வந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அந்த ஆர்டர் கிடைத்தால் இவருக்கு சீனியர் இஞ்சினியர் பதவி என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். "கேட்டா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு" என்று முந்தின நாளே எனக்குப் பாடம் நடந்தது. எனக்கு வேண்டாமா அந்தப் பதவி? ஆறு வருஷமாக அதற்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று ஏகாதசி. பட்டினி.

மாடியெல்லாம் பார்த்துவிட்டு இறங்கிய அவர் நேரே என்னிடம் வந்தார்.

"நீங்க சொல்லும்மா. காலையிலே பிசிநீர், அதான் சுடுதண்ணி, சூடா பருதா?"

"வருதுங்க" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு பக்கெட் பச்சைத்தண்ணி போன பிற்பாடு வருது."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனு ஸ்வாமி, உங்க மனையிலேயே இப்படியா? நூறு வீட்டுக்கு ரெண்டு ரெண்டு பக்கெட்னா நான் கெரை, ஒரு ஏரியைத்தான் வெட்டணும்!"

காபியைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"உன் வாயாலேயே போச்சு" என்றார் இவர்.

"ஏகாதசியும் அதுவுமா பொய் சொல்லச் சொல்றீங்களா? குழாயைச் சரி பண்ணியிருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்?"

ஆர்டர் வரவில்லை. பதவியும் இல்லை. நாலு நாள் பேச்சுவார்த்தையும் இல்லை. செய்தது சரியா என்று பெருமாளிடம் கேட்டேன். கேட்டுவிட்டு அண்டாவை ஸ்டவ்வில் ஏற்றினேன்.

ஆனால் அதற்கப்புறம் இவர் பைக்குள் ஒரு அளவு டேப் ஏறியது. எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் முதலில் தொட்டிக்கும் குளியலறைக்கும் எத்தனை அடி என்று அளப்பாராம். குழாயைச் சுருக்கு, மேலே உறை சுற்று, இல்லையென்றால் தொட்டியை நகர்த்து என்று பில்டர்களோடு மல்லுக்கட்டுவாராம். அந்தப் பெரிய மனிதரே இரண்டு வருஷம் கழித்து, "அந்த டேப் இஞ்சினியரைக் கூப்பிடுங்க" என்று ஆள் அனுப்பினார். ஆர்டர் வந்தது, பதவியும் வந்தது. கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை குளியலறைக் குழாயைத் திறந்தேன். இரண்டு பக்கெட் பச்சைத் தண்ணீர்.

"ஏங்க, அந்த டேப்பை ஒரு தடவை நம்ம வீட்டுக்கும் எடுங்களேன்!"

"ஞாயித்துக்கிழமை பாக்கறேன்" என்றார் சீனியர் இஞ்சினியர்.