முகூர்த்தப் புடவைக்கு விலக்கு

சங்கத்தின் எதிர்காலம் பற்றி நான் எழுதி வைத்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் பதினான்கு கனவுகள். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் முதலாவது. அறுபது வயதானவருக்கு ஓய்வூதியம் ஒன்பதாவது. கூலி பேச நெசவாளி முதலாளி வாசலில் நிற்காமல், முதலாளி நெசவாளி வாசலுக்கு வருவது பதினான்காவது. ஒன்றுகூட நடக்கவில்லை. அதற்கு முதல் காரணம் நான். இரண்டாவது காரணம் என் மச்சான்.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் எங்கள் நான்கு தெருக்களுக்கும் சேர்த்து ஒரு பட்டு நெசவாளர் சங்கம் வைத்திருந்தோம். பள்ளி இறுதி வகுப்புவரை படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைச் செயலாளராக்கினார்கள். தறிகள் நூற்று அறுபத்திரண்டு. வீடு வீடாகப் போய் எண்ணியவன் நான். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்வது நாங்கள். கூலியை உயர்த்தக் கேட்டு மூன்று முறை போனோம். மூன்று முறையும் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

ஆடி முதல் திங்கட்கிழமை எல்லாத் தறிகளையும் நிறுத்துவது என்று முடிவு செய்தோம். நாள் குறித்ததும் நான்தான். ஆவணிக் கல்யாணங்களுக்கான புடவைகள் ஆடியில்தான் தறியில் ஏறும். அப்போது நிறுத்தினால்தான் முதலாளிக்கு வலிக்கும்.

பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் மச்சான் எழுந்தார். என் மனைவியின் அண்ணன், எதிர்வீட்டுக்காரர்.

"மாப்ள, நிறுத்தறது சரி. என் தறியில முகூர்த்தப் புடவை பாதியில நிக்குது. அத்த அப்படியே வுட்டா கட்டிக்கப்போற பொண்ணுக்கு ஆவுமா? நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

எங்களில் யாரும் கல்யாணப் புடவையைப் பாதியில் விடுவதில்லை. வீட்டில் சாவு விழுந்தால்கூட, தீட்டு கழிந்ததும் முதலில் உட்காருவது அந்தத் தறியில்தான். எனக்கும் ஒரு மகள் இருந்தாள். பேனாவைத் திறந்து தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தேன்: முகூர்த்தப் புடவை இருக்கும் தறிகள் அதை முடித்துவிட்டு நிறுத்தலாம். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் இருந்த சந்தோஷத்தை அன்றே கவனித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை தெருவில் நடந்தேன். தறிச் சத்தம் குறையவேயில்லை. நின்றவை இருபத்தொன்று. ஓடியவை நூற்று நாற்பத்தொன்று. அத்தனையிலும் முகூர்த்தப் புடவையாம்! என் தீர்மானத்தை யாரோ முதலாளியிடம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். தறியில் நீளவாக்கில் பூட்டும் பாவு நூல் தீர்ந்திருந்த வீடுகளுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே கல்யாண நிறமான அரக்கில் புதுப் பாவு அனுப்பிவிட்டார்.

மச்சான் வீட்டு ஜன்னலில் நின்றேன்.

"ஒரு புடவைதானே சொன்னீங்க? எப்ப முடியும்?"

"ஒரு பாவுல மூணு புடவை மாப்ள. மூணும் முகூர்த்தம்."

"யாருக்கு முகூர்த்தம்?"

"எவளுக்கோ. அவ மூஞ்சி எனக்கு இன்னா தெரியும்? நீதானே எழுதிக் குடுத்த. நெய்துகினு இருக்கிறவன்கிட்ட வந்து பேஜார் பண்ணாத."

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

கல்யாணக் காலம் பார்த்து வேலைநிறுத்தம் வைத்துவிட்டு, கல்யாணப் புடவைக்கே விலக்குக் கொடுத்த செயலாளர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இருபத்திரண்டாம் நாள் முதலாளியின் ஆள் கத்திரிக்கோலோடு என் வீட்டுக்கு வந்தான். என் தறியில் இருந்தது சாதாரணப் புடவை. முக்கால் முழம் நெய்து நிறுத்தியிருந்தேன். பாவை அறுத்துச் சுருட்டிக்கொண்டான். நெசவாளியின் பாவை அறுப்பதும் முகத்தில் காறித் துப்புவதும் எங்களுக்கு ஒன்று. நின்ற இருபத்தொரு தறியிலும் அறுத்தார்கள். அதன் பிறகு எந்த முதலாளியும் எனக்குப் பாவு தரவில்லை. என் மனைவி அண்ணனோடு பேசுவதை நிறுத்தவில்லை, என்னோடுதான் குறைத்துக்கொண்டாள். நான் சேவூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மூட்டை எண்ணப் போனேன்.

எண்பதுகளில் புதிதாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பழைய செயலாளர் என்று என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டாயிரமாவது வருடத்தில் தொழிற்சங்கம் எப்படி இருக்கும், கற்பனை செய்து பாருங்கள் என்றார் வெளியூர்ப் பேச்சாளர். ஒருவர் ஆஸ்பத்திரி என்றார். ஒருவர் கல்லூரி என்றார். நோட்டைக் கொண்டுபோயிருந்தும் நான் பிரிக்கவில்லை. எழுந்தேன்.

"ஸ்ட்ரைக்குன்னா முகூர்த்தப் புடவை நிக்குமா, நிக்காதா? அத்த மட்டும் முதல்ல சொல்லுங்க."

முன்வரிசையில் இருந்த மச்சான் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதத் தனியா பேசிக்கலாம் பெரியவரே, உட்காருங்க" என்றார் பேச்சாளர்.

கூட்டத்தில் எண்பத்து மூன்று பேர் இருந்தார்கள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்ட பிறகு எண்பத்திரண்டு.