முப்பது பேருக்கும் சேர்த்து ஒரு ‘வீ கேன்’

போன புதன்கிழமை, முப்பது பேரின் ஞாயிற்றுக்கிழமையை இரண்டே வார்த்தைகளில் தாரை வார்த்துவிட்டேன்.

அந்த இரண்டு வார்த்தைகள்: ‘வீ கேன்.’

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஆறு நாள் நான் ஒரகடத்தில், கார் கதவுக்குக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் பிளானிங் பார்ப்பவன். எதை எப்போது செய்து முடிப்பது என்று திட்டம் போடுவது என் வேலை. அந்தத் திட்டம் ஏன் நடக்கவில்லை என்று விளக்குவதும் என் வேலைதான். இரண்டாவதில்தான் அனுபவம் அதிகம்.

புதன்கிழமை கஸ்டமரோடு வீடியோ மீட்டிங். கஸ்டமர் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. பைக்கில் போனால் ஒரு டீ ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனாலும் வீடியோ மீட்டிங்தான்... அதுதான் கௌரவம். எங்கள் பக்கம் பிளான்ட் ஹெட், ஹெச்.ஆர். அதிகாரி, நான். அந்தப் பக்கம் குல்கர்னி. புனேக்காரர், எனவே பேச்செல்லாம் இங்கிலீஷில்.

எல்லாம் முடிந்து கும்பிடு போடும் நேரத்தில் குல்கர்னி போகிற போக்கில் கேட்டார்: ‘கேன் வீ டூ இட் பை மண்டே மார்னிங்?’ அடுத்த லோடு திங்கள் காலையே வந்துவிடுமா என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமையும் முப்பது பேர் வந்து அசெம்பிளி லைனை ஓட்டினால்தான் வரும்.

எங்கள் கம்பெனி வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. கஸ்டமர் ‘கேன் வீ’ என்று வாயைத் திறந்தால், அவர் மூடுவதற்குள் ‘வீ கேன்’ என்று சொல்லிவிட வேண்டும். யோசித்துச் சொன்னால் சுறுசுறுப்பு போதாது. ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் ஆளே சரியில்லை. எனவே வாய் தானாகச் சொல்லும். மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும்.

நான் முந்திக்கொண்டேன். ‘வீ கேன், சார்.’

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிளான்ட் ஹெட் முகத்தில் லேசாக ஒரு மலர்ச்சி தெரிந்தது. அதைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை. ‘வீ வில், சார்... வீ மஸ்ட்’ என்றேன். ஏலத்தில் எதிரே ஆளே இல்லாமல் தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாயங்கால டீ நேரத்தில் லைன் லீடர் இசக்கிமுத்து வந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், படப்பையில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

“சார், ஞாயித்துக்கெழம நாம லைன ஓட்டிருவோம்னு சொல்லிட்டியளாமே. அந்த ‘நாம’ல நீங்க எந்த எடத்துல நிக்கிய?”

நான் லைனில் நின்று வேலை செய்தவன் இல்லை. ஒரே ஒரு முறை ஆசைப்பட்டு ஒரு ஸ்பிரிங்கை மாட்டிப் பார்த்தேன். அது என் கையிலிருந்து பறந்து போனது. இன்று வரை திரும்பவில்லை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபராணிக்கு நிச்சயதார்த்தம்.

ஜெபராணி அதே லைனில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். மாப்பிள்ளை ஸ்டீபன், சேரப்பணஞ்சேரிக்காரர், பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். காதல்தான். இரண்டு வீட்டிலும் பேசிச் சம்மதிக்க வைத்து, சர்ச் ஹாலில் நிச்சயம் என்று முடிவாகியிருந்தது. சிக்கல் என்னவென்றால், மாப்பிள்ளைக்கு ஊரே சொந்தம். பெண் பக்கமோ அப்பா, அம்மா, தம்பி மட்டும்தான். மற்ற உறவெல்லாம் ‘எங்களைக் கேட்டா பண்றீங்க’ என்று முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

ஹாலில் ஒரு பக்கம் திருவிழாக் கூட்டம். மறு பக்கம் மூன்று பேரும் காலி நாற்காலிகளும். நினைத்துப் பாருங்கள். அம்மா போனில் அதைச் சொல்லி அழுதிருக்கிறார். அதனால் லைன் கூடி ஒரு முடிவெடுத்திருக்கிறது: நாம் முப்பது பேரும்தான் பெண் வீட்டார். வேன் பேசியாகிவிட்டது. யார் யார் தட்டு தூக்குவது என்பதுகூட முடிவாகிவிட்டது. தட்டு தூக்கும் உரிமைக்குச் சின்னதாக ஒரு சண்டையும் நடந்திருக்கிறது.

அந்த முப்பது பேரையும்தான் நான் குல்கர்னிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சற்று நேரத்தில் ஜெபராணியும் வந்து நின்றாள். “ஒண்ணுமில்ல சார், அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பிளான்ட் ஹெட்டிடம் ஓடினேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, ‘வீ ஷுட் மேனேஜ்’ என்றார். நீ சமாளி என்று பொருள். ஹெச்.ஆர். அதிகாரியிடம் போனேன். ‘வீ மே லுக் இன்டு இட்’ என்றார். யாரும் பார்க்கப் போவதில்லை என்று பொருள்.

இருபது வருடமாக இந்த மீட்டிங்குகளில் உட்கார்ந்தும் எனக்கு அன்றுதான் உறைத்தது. ‘வீ’க்குப் பின்னால் வரும் சொல்லைக் கவனித்தால் போதும், யார் வேலை செய்யப் போவதில்லை என்பது தெரிந்துவிடும். ‘வீ கேன்’ என்றவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். ‘வீ ஷுட்’ என்றவர் உடனே போய்விடுவார். ‘வீ குட் ட்ரை’ என்பது டீயோடு சேர்த்துச் சாப்பிடும் பிஸ்கட், மென்றதோடு சரி. இவற்றில் நேர்மையானது ‘ஷல் வீ’ ஒன்றுதான். மதியம் கேன்டீனுக்குக் கிளம்பும்போது சொல்வார்கள். சொன்னவரும் கூடவே எழுந்து வருவார்.

இங்கிலீஷை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘நாம ஒரு நாள் ஃபேனைத் துடைக்கணும்’ என்று என் மனைவி சொன்னால், ஸ்டூலைத் தேடிப் போவது யார் என்று நினைக்கிறீர்கள்?

வியாழக்கிழமை காலை முடிவு செய்தேன். குல்கர்னியிடம் பேசிவிட வேண்டியதுதான். படப்பையில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒரகடம் வரை பைக்கில் ஒத்திகை. ‘வீ மைட் நாட்...’ வேண்டாம், இழுவை. ‘வீ வுட் லைக் டு...’ ஐயோ, அதைவிட இழுவை. ஹெல்மெட்டுக்குள் நானே பேசி நானே பதில் சொல்லிக்கொண்டு போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துவிட்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

போனை எடுத்தார் குல்கர்னி. ஒத்திகை பார்த்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

‘சார், சண்டே... வீ கேனாட்.’

எங்கள் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அந்த வாக்கியத்தை யாராவது சொல்லியிருப்பார்களா என்பதே சந்தேகம். ஏன் என்று கேட்டார். மெஷின் ரிப்பேர் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். பொய்க்கு இங்கிலீஷ் வரவில்லை, உண்மைக்குத்தான் வந்தது. லைனில் ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், நாங்கள்தான் பெண் வீட்டார் என்றேன்.

“யூ ஆர் த கர்ல்ஸ் ஃபாதர்?”

“நோ சார். பிளானிங்.”

அவர் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி எங்கள் ஆபீசுக்கே கேட்டிருக்கும். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு ரகசியம் சொன்னார். அவருடைய பாஸ் அவரிடம் ‘கேன் வீ’ என்று கேட்டாராம். என்னைக் கேட்பதற்கு முன்பே இவரும் ‘வீ கேன்’ என்று சொல்லிவிட்டாராம். உண்மையில் கையில் இருக்கும் சரக்கு செவ்வாய் சாயங்காலம் வரை தாங்குமாம்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அநாதையாக நின்றிருக்கிறது, பாருங்கள்.

‘ஷல் வீ ஸே டியூஸ்டே நூன்?’ என்றார். வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. பல்லைக் கடித்து மூடினேன். ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு, போனும் கையுமாக லைனுக்கு ஓடினேன். இசக்கிமுத்து நான் சொன்னதைக் கேட்டார். திரும்பி லைனில் இருந்தவர்களைக் கேட்டார். தலைகள் ஆடின.

“செவ்வாய் மத்தியானம் குடுத்துருவோம்னு சொல்லுங்க சார். நீங்க எங்கயும் நிக்காண்டாம்” என்றார்.

சொன்னேன். பிளான்ட் ஹெட்டிடமும் போய்ச் சொன்னேன். ‘குட். வீ ஷுட் ஆல்வேஸ் பிளான் லைக் திஸ்’ என்றார். அவர் யோசனை போலவே இருந்தது.

ஞாயிறு மத்தியானம் சேரப்பணஞ்சேரி. முப்பது பேர் என்று சொன்னேன் இல்லையா? அது புதன்கிழமைக் கணக்கு. விஷயம் பரவி, கணவன்மார், குழந்தைகள், ஹாஸ்டல் தோழிகள், அடுத்த லைன்காரர்கள் என்று வேனுக்குப் பின்னால் பைக்குகளாக வந்து இறங்கினார்கள். நானும் மனைவியும் போனோம். மாப்பிள்ளையின் அத்தை வாசலில் நின்று கொஞ்ச நேரம் எங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு எண்ணுவதைக் கைவிட்டுவிட்டார்.

“பொண்ணு வூட்ல ஆளே இல்லன்னு சொன்னாங்கோ. இன்னா சார், வந்துகினே கீறீங்க?”

உள்ளே நாற்காலி போதவில்லை. மாப்பிள்ளை பக்கத்திலிருந்தே கடன் வாங்கிப் போட்டார்கள். ஜெபராணியின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்ப்பதும், முந்தானையால் கண்ணைத் துடைப்பதும், மறுபடி திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார்.

போதகர், மோதிரம் மாற்றுவதற்கு முன்னால், பெண் வீட்டார் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். ஹாலில் பாதிக்கு மேல் எழுந்தது. அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்படும் சத்தம்... அவரே ஒரு கணம் வேதாகமத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பட்டுப்புடவையில் தலை குனிந்து நின்றிருந்த ஜெபராணி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஸ்டீபனும் சிரித்தார். அப்புறம் போதகரும்.

விருந்துதான் கொஞ்சம் தகராறு. கடைசிப் பந்தியில் உட்கார்ந்த என் இலைக்கு, அண்டாவைச் சுரண்டியெடுத்த அரைக் கரண்டி பிரியாணியும் நிறைய வெங்காயப் பச்சடியும் வந்தன.

அடுத்தவர்களின் ஞாயிற்றுக்கிழமையைத் தானம் செய்த வாய்க்கு அதுவே அதிகம்.